பட்டி பூசி மூடிவிடாதே, தம்பி

நேற்று உன் அம்மா மதுரை திருநகர் வீட்டுக்கு வந்திருந்தார். நீ இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து அனுப்பிய படங்களைப் போனில் காட்டி, "வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கிட்டுப் போனானாம், இப்ப அது இடிஞ்சு போச்சாம்" என்றார். சினிமாக்காரர்களின் கேரவன்தான் அவருக்குத் தெரியும். நீ வைத்திருப்பது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கேரவன், இதற்கு என்ஜினே கிடையாது என்றதும் குழம்பிவிட்டார். அழகர்கோவில் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டி வருவார்களே, அது மாதிரிதான் அம்மா, மாட்டுக்குப் பதில் கார் என்றேன். "அப்படின்னா உள்ளே ஒடிஞ்ச மூங்கிலை மாத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். உன் கேள்விக்குப் பாதிப் பதில் அதுவே.

நீ கேட்டது இது: ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் இடித்து, இடது பின்மூலைத் தகடு மடங்கி, மூலை ரெயில் (தகடுகள் சேரும் இடத்தை மூடும் பட்டை) பெயர்ந்து நிற்கிறது. உள்ளே கட்டிலுக்கு அடியில் சுவர் மெத்தென்று அமுங்குகிறது. ஊரில் என்றால் டிங்கரிங் பார்த்துப் பட்டி பூசி மறுநாள் கொடுத்துவிடுவார்கள், இங்கே நானே செய்யலாமா அண்ணே?

செய்யாதே. ஊரில் பஸ் பாடி என்றால் இரும்புச் சட்டத்தில் தகடு அடித்தது. தட்டலாம், வெல்டு வைக்கலாம். உன்னுடையது 2009 மாடல். வெளியே மெல்லிய அலுமினியம், நடுவே தெர்மாகோல் மாதிரி நுரையும் மரச்சட்டமும், உள்ளே மெல்லிய ப்ளைவுட். எல்லாம் சேர்ந்து ஓர் அங்குலம் சொச்சம்தான் கனம். ஒன்றோடொன்று பசையால் ஒட்டியிருப்பதால்தான் அந்தச் சுவர் நிற்கிறது. தகடு மடங்கியது கண்ணுக்குத் தெரிகிறது, பசை விட்டதும் சட்டம் உளுத்ததும் தெரியாது. அதிலும், போன வாரம்தான் இடித்தாய், அதற்குள் சுவர் மெத்தென்று ஆகாது. தண்ணீர் பல மாதமாக இறங்கியிருக்கிறது. விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.

நான் பட்டதையும் சொல்கிறேன். என் முதல் கேரவனில் முன் ஜன்னலுக்குக் கீழே இதே மாதிரி ஈரம். கடையில் ஓட்டை அடைக்கும் சிலிக்கோன் பசைக் குழாய் ஒன்று வாங்கி ரெயில் ஓரமெல்லாம் பிதுக்கிவிட்டு, பெரிய மெக்கானிக் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டேன். ரெயிலுக்கு அடியில் இருந்த பழைய மாஸ்டிக் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) காய்ந்து வெடித்திருந்தது. அதைக் கழற்றிச் சுரண்டிப் புதிதாக வைத்தால்தான் தண்ணீர் நிற்கும். நான் செய்த வேலையால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் போனதுதான் மிச்சம். குளிர்காலம் முடிந்து ஒரு விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. மரம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு பட்டறையில் மலிவாக முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். புதுப் பலகையை அழுகின சட்டத்தின் மேலேயே ஒட்டிக் கொடுத்தார்கள் என்பது அடுத்த வருடம்தான் தெரிந்தது. மூன்றாவது தடவை ஒழுங்காகச் செய்தபோது 2,400 பவுண்டு போனது. முதலிலேயே செய்திருந்தால் பாதியில் முடிந்திருக்கும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. முதலில் எல்லாப் பக்கமும் படம் எடு. அப்புறம் தார்ப்பாய் போட்டு மூடு, அதற்கு மேல் கை வைக்காதே. இன்சூரன்ஸ் ஆள் பார்ப்பதற்கு முன் எதையாவது பிரித்தால் பேச்சு வளரும். கார் இன்சூரன்ஸை நம்பாதே. இழுத்துப் போகும்போது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்குத்தான் பெரும்பாலும் அது உதவும். கேரவனுக்கென்று தனி பாலிசி எடுத்திருக்கிறாயா? சட்டப்படி கட்டாயமில்லை என்பதால் நம் ஆட்கள் பலர் எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் இடித்த சேதத்துக்குத்தான் பணம் வரும், நாள்பட்ட ஈரத்துக்கு வராது. அதனால் எது இடியால் வந்தது, எது பழையது என்று ஈரமானி வைத்துச் சுவர் முழுக்க அளந்து எழுதிக்கொள். ஈரம் 15 சதவீதம் வரை பயமில்லை. 20-ஐத் தாண்டினால் எங்கோ தண்ணீர் இறங்குகிறது. 30-க்கு மேல் என்றால் மரம் கெட ஆரம்பித்திருக்கும்.

பட்டறை தேடும்போது, கேரவன் தொழில்காரர்களின் அமைப்பான நேஷனல் கேரவன் கவுன்சிலும் இரண்டு பெரிய கேரவன் கிளப்புகளும் சேர்ந்து நடத்தும் அப்ரூவ்டு ஒர்க்‌ஷாப் பட்டியலில் தொடங்கு. ஆனால் அதில் உள்ள எல்லாரும் பாடி வேலை செய்வதில்லை, பலர் சர்வீஸோடு சரி. போன் செய்து நேராகக் கேள்: சுவரைத் திறந்து பார்ப்பீர்களா, அழுகிய சட்டத்தை வெட்டி மாற்றுவீர்களா, திறந்திருக்கும்போது படம் எடுத்துத் தருவீர்களா, வேலைக்கு எத்தனை வருட உத்தரவாதம் எழுதித் தருவீர்கள்? படம் எடுத்துத் தருகிறோம் என்று தயங்காமல் சொல்பவரிடம் விடு. அடியில் இருக்கும் சேசிஸையும் பார்க்கச் சொல். அது துத்தநாகம் பூசிய இரும்பு. நம் ஊர்ப் பழக்கத்தில் யாராவது அதில் வெல்டு வைக்கவோ துளை போடவோ வந்தால் தடுத்துவிடு.

பழைய மாடலுக்குப் பேனல் கிடைக்க வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். கோடை விடுமுறைக்கு வேல்ஸ் போகும் திட்டத்தை இப்போதே தள்ளிப்போடு. இன்னொன்று, உனக்குப் பிடிக்காது: மதிப்பீடு நீ வாங்கிய விலையைத் தொட்டால் சரிசெய்யாதே, விற்றுவிடு. என்ன சேதம் என்று எழுதிக் கொடுத்து விற்க வேண்டும்.

நான் 14-ஆம் தேதி நாட்டிங்ஹாம் திரும்புகிறேன். அம்மா கொடுத்த பருப்புப்பொடிப் பொட்டலம் ஒன்றரைக் கிலோ என் பெட்டியில் இருக்கிறது. வாங்க வரும்போது என் ஈரமானியையும் எடுத்துப் போ. பேட்டரி மட்டும் நீ போட்டுக்கொள்.