மாடி அறைக்கு வைஃபை: கேபிளைக் கழற்றாதீர்கள்

கேள்வி: ஃபைபர் மோடம் கீழ்த்தள ஹாலில் இருக்கிறது. மாடியில் என் அலுவலக அறை. படிக்கட்டோரமாக 25 மீட்டர் லேன் கேபிள் இழுத்து டெஸ்க்டாப்பில் செருகியிருக்கிறேன். இப்போது லேப்டாப், பிரிண்டர் எல்லாம் சேர்ந்துவிட்டதால் முழுக்க வைஃபைக்கு மாற நினைக்கிறேன். ஒரு ரிப்பீட்டர் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. ரிப்பீட்டர் பெரும்பாலும் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதை மாடி அறையிலேயே செருகினால், தேய்ந்துபோய் வந்த சிக்னலைத்தான் பரப்பும். முறுக்குக் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை துவண்டுவிடும். 2.4 வந்து சேரும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு முட்டிமோதிக்கொண்டு.

போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். சிக்னலை எண்ணில் காட்டும் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு, மேசையில் வைத்துப் பாருங்கள். அளவு டிபிஎம்மில் (சிக்னல் பலத்தின் அலகு) வரும்; பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பலம். மைனஸ் 60 டிபிஎம் தாராளம். மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 75ஐத் தாண்டினால் குரல் வெட்டும்.

உங்களிடம்தான் கேபிள் இருக்கிறதே! அதன் மாடி முனையில் ஒரு அக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வையுங்கள். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டும் 2.4, 5 என்ற இரண்டு பேண்டும் உள்ள சாதாரண ரூட்டரே போதும். செட்டிங்கில் ‘அக்சஸ் பாயின்ட் மோட்’ என்று மாற்றினால் வேலை முடிந்தது.

அந்த மோட் இல்லாத பழைய ரூட்டர் என்றால் மூன்று மாற்றம் தேவை. கீழே உள்ள மோடத்தின் ஐபி முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். டிஹெச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். கேபிளை வேன் (WAN, வெளி இணைய இணைப்புக்கான) போர்ட்டில் அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். பலரும் கோட்டைவிடுவது டிஹெச்சிபியில்தான். இரண்டு பெட்டிகளும் முகவரி கொடுக்க ஆரம்பித்து, ‘வைஃபை இருக்கு, நெட் இல்லை’ என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தகராறு வரும். வேன் போர்ட்டில் செருகினால் நெட் ஓடும். ஆனால் மாடிப் பிரிண்டர் கீழே உள்ள போன்களின் கண்ணில் படாது.

வாங்குவதற்கு முன் கேபிளைச் சோதியுங்கள். லேப்டாப்பில் செருகினால் லிங்க் வேகம் 1000 எம்பிபிஎஸ் காட்ட வேண்டும். இரு முனையிலும் கிகாபிட் போர்ட் இருந்தும் 100 என்று நின்றால், எட்டு இழைகளில் ஏதோ ஒன்று தொடவில்லை. 100க்கு நான்கு இழை போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். இரு முனையிலும் கனெக்டரை வெட்டிவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்தச் (கிரிம்ப்) சொல்லுங்கள்.

மேலும் கீழும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு வையுங்கள். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்: 2.4இல் கீழே 1, மேலே 6, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5இல் கீழே 36, மேலே 149. பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ3 (வைஃபை பாதுகாப்பு முறையின் புதிய வகை) மட்டும் என்று வைத்தால் பழைய பிரிண்டர்கள் சேராது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்ததைத் தேர்ந்தெடுங்கள். 2.4 மட்டுமே தெரிந்த பிரிண்டர் முரண்டு பிடித்தால், அதை இணைக்கும் வரை 5ஐ அணைத்து வைக்கலாம்.

டெஸ்க்டாப்புக்கு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் கிடைக்கும். ஆனால் இடம்விட்டு நகராத பெட்டிக்கு வைஃபை எதற்கு? அக்சஸ் பாயின்டின் மிச்ச லேன் போர்ட்டிலிருந்து ஒரு மீட்டர் கேபிள் கொடுத்துவிடுங்கள். அடாப்டர்தான் வேண்டும் என்றால், இரும்புக் கேபினட்டின் பின்னால் ஒளித்துச் செருகாமல், நீட்டிப்பு வயர் போட்டு மேசைமேல் வையுங்கள். பக்கத்தில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் இருந்தால் அதன் இரைச்சல் 2.4ஐக் கெடுக்கும்.

கரண்ட் போனால் இனி இரண்டு பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். இன்வெர்ட்டர் லைன் மாடிக்கு இல்லையென்றால் மினி யுபிஎஸ் வாங்கலாம். ரூட்டரின் பவர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். 9 வோல்ட் பெட்டியில் 12ஐக் கொடுத்தால் கருகிவிடும்.

கடைசியில், ஒரு வீடியோ கால் ஓடும்போதே லேப்டாப்பிலிருந்து 192.168.1.1க்குத் தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை) விடுங்கள். பெரும்பாலும் 10 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். அடிக்கடி 100ஐத் தாண்டினால் மாடியின் சேனலை மாற்றி மறுபடி பாருங்கள்.