பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், போதுமா?

கேள்வி: நான் கணக்கு வைத்திருக்கும் ஓர் இணையதளம், என் பெயர், மின்னஞ்சல் முகவரி, கைப்பேசி எண், பிறந்த தேதி, பாஸ்வேர்டு எல்லாம் திருடு போயிருக்கலாம் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. அங்கே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். என் பெயரில் யாராவது கடன் கேட்டால் எச்சரிக்கும் கண்காணிப்புச் சேவையை ஓராண்டு இலவசமாகத் தருவதாகவும் சொல்கிறார்கள். வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்தக் கடிதத்திலிருந்த இணைப்பைத் தட்டித்தான் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? அப்படியானால் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய் இன்னொரு முறை மாற்றுங்கள். கசிவுச் செய்தி வெளிவந்ததும் அதே நடையில் போலிக் கடிதங்களும் கிளம்பிவிடும்.

அடுத்து, அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்று யோசித்து, அங்கேயும் மாற்றுங்கள். திருட்டுப் பட்டியலை வாங்குபவன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதில்லை. மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் ஜோடியாக நூற்றுக்கணக்கான தளங்களில் போட்டுப் பார்க்க அவனிடம் மென்பொருள் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பூட்ட வேண்டியது உங்கள் மின்னஞ்சலைத்தான். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று எந்தத் தளத்தில் அழுத்தினாலும் கடிதம் அங்கேதான் வருகிறது. அது கையில் இருந்தால் சாவிக்கொத்தே கையில் இருந்த மாதிரி. புதிய பாஸ்வேர்டு வைத்த கையோடு அமைப்புகளுக்குள் போய், மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் சொல்லுங்கள். அப்புறம், பலரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலை இருக்கிறது: 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' என்ற இரண்டு பகுதிகள். உள்ளே நுழைந்தவன் உங்கள் கடிதங்களின் நகல் தன் முகவரிக்குப் போகும்படியோ, 'வங்கி' என்ற சொல் உள்ள கடிதம் நேரே குப்பைக்குப் போகும்படியோ அங்கே ஒரு விதி எழுதி வைத்திருக்கலாம். நீங்கள் எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மீட்பு எண்ணாக உங்கள் எண்தான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பாஸ்வேர்டோடு இன்னொரு ரகசிய எண்ணும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைக்கும்போது, முடிந்தால் குறுஞ்செய்திக்குப் பதில், அந்த எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியைத் தேர்ந்தெடுங்கள். பெயர், எண், பிறந்த தேதி மூன்றும் வெளியே போயிருக்கின்றன. அவற்றைச் சொல்லி, 'சிம் தொலைந்துவிட்டது' என்று தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணையே வாங்கிவிடுபவர்கள் உண்டு. திடீரென்று சிக்னல் போய் வெகுநேரம் திரும்பவில்லை என்றால், வேறொரு போனிலிருந்து உடனே நிறுவனத்தை அழையுங்கள்.

அட்டை எண் கசிந்திருந்தால் கவலை குறைவு. வங்கியிடம் சொன்னால் வேறு அட்டை தருவார்கள், விஷயம் முடிந்தது. பிறந்த தேதியை அப்படி மாற்ற முடியாதே! போனில் ஒருவர் உங்கள் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொல்லி, 'வங்கியிலிருந்து பேசுகிறேன், இப்போது குறுஞ்செய்தியில் வந்த ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்' என்பார். இவ்வளவு தெரிந்தவர் வங்கிக்காரராகத்தான் இருப்பார் என்று மனம் சொல்லும். இணைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

'முதலில் படித்த பள்ளி எது?' போன்ற பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பொய்ப் பதில் கொடுங்கள். மறந்துவிடும் என்றால் நோட்டில் எழுதி வையுங்கள். எழுதவே கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள். அலமாரியில் இருக்கும் நோட்டை இணையத் திருடன் வந்து புரட்டப்போவதில்லை.

உங்கள் மின்னஞ்சல் இதற்கு முன் எந்தெந்தக் கசிவில் சிக்கியது என்று அறிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் பார்க்கலாம். பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கியது. வெளியே தெரியவந்த கசிவுகளை மட்டும்தான் அது காட்டும்.

சரி, இலவசக் கண்காணிப்பு? வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்ட பிறகுதான் அது மணியடிக்கும். கேட்கும்போதே தடுக்க வேண்டுமென்றால், யார் எங்கே கடன் வாங்கினார் என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனங்களிடம் உங்கள் பதிவை முடக்கி வைக்கும் வசதி சில நாடுகளில் உண்டு. உங்களுக்குக் கிடைத்தால், கண்காணிப்பை வாங்கும் முன் அதைச் செய்யுங்கள். ஓராண்டு என்ற கணக்கும் திருடனுக்குப் பொருந்தாது. லிங்க்ட்இனில் 2012இல் திருடியவற்றில் 10 கோடிக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்-பாஸ்வேர்டு ஜோடிகள் 2016இல்தான் விற்பனைக்கு வந்தன. எனவே சேவை முடியும் தேதியை இப்போதே குறித்து வைத்து, அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்கள் கடன் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள்.