நரம்பைத் தூண்டினால் ஞாபகம் நிற்குமா?

கேள்வி: வயது 54. துறைத் தேர்வுக்குப் படிக்கிறேன். ராத்திரி படித்தது காலையில் நினைவில் இல்லை. நரம்பு செல்கள் எளிதில் தூண்டப்பட்டால் விலங்குகளுக்கு நினைவு நீடிக்கிறதாமே? அதற்கு மாத்திரை உண்டா, டாக்டர்?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மாத்திரை வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் அந்தத் தூண்டலும் நீங்கள் நினைக்கும் ‘சுறுசுறுப்பும்’ வேறு வேறு.

நரம்பு செல் படபடவென்று சில துடிப்புகளை அனுப்பியதும் சற்று அடங்கிவிடும். செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவதால் வரும் ஓய்வு அது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடினால் ஒரு வண்டி நகராது. புதிதாக ஒன்றைக் கற்ற விலங்கிடம் இந்த கேட் சீக்கிரம் திறந்துவிடுகிறது.

முயல்களிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஒலி கேட்கும், நிற்கும். அரை நொடி கழித்துக் கண்ணில் ‘புஸ்’ஸென்று காற்று அடிக்கும். பல முறை பழகிய முயல், ஒலி கேட்டதுமே காற்றுக்கு முன்பாக இமையை மூடிக்கொள்ளும். அதன் ஹிப்போகேம்பஸ் (புதிய நினைவுகளைப் பதிய வைக்க உதவும் மூளைப் பகுதி) செல்களைச் சோதித்தால் அந்த ஓய்வு குறைந்திருக்கும். ஒரு வாரத்துக்குள் செல்கள் பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றன; இமை மூடும் பழக்கம் மட்டும் போவதில்லை. அதாவது இந்த ஓய்வுக் குறைவு நினைவைப் பதிய வைக்கும் நேரத்துக்கான ஏற்பாடு. நினைவு இருக்கும் இடம் அதுவல்ல என்றே நான் புரிந்துகொள்கிறேன். வயதான முயல்களுக்கு ஓய்வு நீளம், கற்பதும் தாமதம். நமக்கும் கொஞ்சம் அப்படித்தானோ என்று 50 தாண்டிய எனக்கே தோன்றும்!

அப்புறம் கடல் முயல். பெயரில்தான் முயல், உண்மையில் நத்தைக்குச் சொந்தம். 2000-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எரிக் காண்டல் ஆராய்ந்த பிராணி. வாலில் ஒரே ஒரு ஷாக் கொடுத்தால் சில நிமிடம்தான் நினைவிருக்கும். இடைவெளி விட்டு நாலைந்து முறை கொடுத்தால் நாள் கணக்கில் நிற்கும். அங்கேயும் செரோடோனின் என்ற நரம்பு ரசாயனம், பொட்டாசியம் வெளியேறும் வழியை அடைத்து நரம்பை உஷாராக்குகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மூளை முழுக்க மாத்திரையால் தூண்டினால் ஞாபகம் வராது, அளவு மீறினால் வலிப்புதான் வரும். ஒரு பாடத்தை ஒரே ராத்திரியில் முடிக்காமல் இன்று, நாளை, நாலு நாள் கழித்து என்று பிரித்துப் படியுங்கள். பதினோரு மணி காபியை விட்டுவிட்டுத் தூங்குங்கள். பி12, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தெரிந்த தெருவில் வழி தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதாக வீட்டில் சொன்னாலோ, தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.