எக்செல் அட்டவணை திறக்கவில்லையா? ரெஜிஸ்ட்ரி கிளீனருக்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: கூட்டுறவு சங்கம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். எங்கள் ஆண்டறிக்கைகள் வேர்டு கோப்புகள். அவற்றுக்குள் எக்செல் அட்டவணைகளையும், பழையவற்றில் வட்டிச் சூத்திரங்களையும் செருகியிருக்கிறோம். கணினியை ஃபார்மேட் செய்து வாங்கி வந்ததிலிருந்து அட்டவணை கண்ணுக்குத் தெரிகிறது. டபுள் கிளிக் செய்தால் மட்டும் ‘எக்செல் நிறுவப்படவில்லை அல்லது பதிலளிக்கவில்லை’ என்று செய்தி வருகிறது. ‘ரெஜிஸ்ட்ரி போய்விட்டது, உங்கள் அட்டவணை அதில்தான் இருந்தது, கிளீனர் போட 1,500 ரூபாய்’ என்கிறார் கடைக்காரர். கணக்கெல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் அந்தக் கிளீனர் நிரலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் அட்டவணை ஒருநாளும் ரெஜிஸ்ட்ரியில் இருந்ததில்லை. வேர்டு கோப்புக்குள்தான் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் கோப்பை நகலெடுத்து, நகலின் பெயர் முடிவில் இருக்கும் ‘டாக்எக்ஸ்’ என்பதை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். ‘வேர்டு’ ஃபோல்டருக்குள் ‘எம்பெடிங்ஸ்’ என்று ஒன்று இருக்கும். உங்கள் எக்செல் அட்டவணைகள் அதில் தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கும்.

கல்யாண வீட்டுக்கு இரவல் வந்த அண்டாவில் பேர் வெட்டியிருக்கும் அல்லவா? அந்தப் பேர்க்காரர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று சொல்ல விண்டோஸ் வைத்திருக்கும் ஏடுதான் ரெஜிஸ்ட்ரி. செருகிய அட்டவணையின் மேல் ‘எக்செல்.ஷீட்.12’ என்று குறித்திருக்கும். விண்டோஸ் அந்தப் பெயரை ரெஜிஸ்ட்ரியின் கிளாசஸ் ரூட் பகுதியில் தேடி, அதற்குரிய 128 பிட் அடையாள எண்ணை எடுக்கும். அந்த எண்ணின் கீழ் ‘லோக்கல் சர்வர் 32’ என்ற இடத்தில் எக்செல் நிரல் வட்டில் எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். 1992இல் விண்டோஸ் 3.1 உடன் ரெஜிஸ்ட்ரி வந்ததே பெரும்பாலும் இந்த வேலைக்காகத்தான்.

அன்று சின்ன ஏடு. இன்று கணினி முழுவதற்கும் ஒரு பதிவு, பயனருக்கு ஒரு பதிவு, 32 பிட் நிரல்களுக்குத் தனியாக ஒன்று, அப்புறம் ஆபீஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளும் நகல் வேறு. இதில் கையால் தேடிச் சரிசெய்யச் சொல்வது அநியாயம். அந்தப் பிழைச் செய்தியும் அப்படித்தான். நிறுவப்படவில்லையா, பதிலளிக்கவில்லையா, எது என்று பார்த்துச் சொல்ல அதற்கு என்ன கேடு?

சரி, செய்ய வேண்டியது இது. முதலில் எக்செலைத் தனியாகத் திறந்து பாருங்கள். ஏதாவது கேள்விப் பெட்டி நின்றுகொண்டிருந்தால் மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். சரியாகவில்லையா? செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய், ஆபீஸுக்கு எதிரே ‘மாடிஃபை’ கொடுத்து ‘குவிக் ரிப்பேர்’ போடுங்கள். இணையம் வேண்டாம். அதிலும் தீராவிட்டால் ‘ஆன்லைன் ரிப்பேர்’. விட்டுப்போன முகவரிகளை ஆபீஸே திரும்ப எழுதிக்கொள்ளும். கடையில் போட்டுக் கொடுத்தது உரிமம் இல்லாத ஆபீஸ் என்றால் இது நடக்காமல் போகலாம். அதற்குக் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

கிளீனர் விஷயத்துக்கு வருகிறேன். ‘நூற்றுக்கணக்கான பிழைகள்’ என்று சிவப்பில் காட்டுவதுதான் அதன் தொழிலே. அவற்றில் பெரும்பாலானவை சும்மா கிடக்கும் பழைய வரிகள். கணினி வேகத்தை அவை குறைப்பதில்லை. விட்டுப்போன முகவரியை எழுதித்தரக் கிளீனருக்குத் தெரியாது, அழிக்கத்தான் தெரியும். நல்ல முகவரியையும் சேர்த்து அழித்துவிட்டால் அடுத்த பில் உங்களுக்குத்தான். இத்தகைய கருவிகளை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் ரெஜிஸ்ட்ரியில் கோளாறு’ என்று ஃபோன் வந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள்.

வட்டிச் சூத்திரங்களின் கதை வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுகிறவர்கள் இங்கேதான் அதிகம். அவை பழைய ஆபீஸுடன் வந்த, சூத்திரம் எழுதும் நிரலான ‘ஈக்வேஷன் எடிட்டர் 3.0’ கொண்டு செய்தவையாக இருந்தால், எத்தனை ரிப்பேர் போட்டாலும் திறக்காது. அந்த நிரலில் இருந்த பாதுகாப்பு ஓட்டை 2017 நவம்பரில் வெளியே தெரிந்தது. ஒட்டுப் போட்டுப் பார்த்தார்கள், இன்னொரு ஓட்டை வந்தது. 2018 ஜனவரி அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் நிரலையே பிடுங்கிவிட்டது. முகவரி இருந்தாலும் வீட்டில் ஆள் இல்லை. பழைய நிரலை எங்கிருந்தோ நகலெடுத்துப் போட்டு, ‘ரெஜிஸ்ட்ரியைச் சரிசெய்துவிட்டேன்’ என்று காசு வாங்குகிறவர்கள் உண்டு. அந்த ஓட்டை வழியாகத்தான் விஷக் கோப்புகள் உள்ளே வந்தன, ஒத்துக்கொள்ளாதீர்கள். பார்க்கவும் அச்சிடவும் மட்டும் என்றால் சூத்திரங்களை அப்படியே விடலாம். திருத்த வேண்டுமென்றால் ‘மேத்டைப்’ நிரல் அவற்றைத் திறக்கும். இல்லையா, வேர்டிலேயே ‘இன்செர்ட்’ பட்டியலில் உள்ள ‘ஈக்வேஷன்’ கொண்டு புதிதாக அடித்துவிடுங்கள். வட்டிச் சூத்திரம் நாலைந்துதானே, ஒரு மத்தியான வேலை.