உங்களால் மறக்க முடியாத ஆசிரியர் யார்? ஏன்?

என் நாலாம் வகுப்பு டீச்சர். போன வருடம் காலமானார். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அதனால் வெறும் டீச்சர். கொழும்பு வடக்கில் ஓர் அரசாங்கத் தமிழ்ப் பாடசாலையில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தார். அறுபது வயதில் ஓய்வு. அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் அவருடைய பங்குக் கோயிலே (கத்தோலிக்கத் தேவாலயம்) கதி.

நன்றாகப் படிப்பித்தாரா என்றால், சுமார்தான். பின்னக் கணக்கை நான் டியூஷனில்தான் விளங்கிக்கொண்டேன். அடிமட்டத்தால் அடியும் விழும். ஆனால் காலையில் அவர் இடாப்பு (வரவுப் பதிவேடு) கூப்பிடுவதைப் பார்க்க வேண்டும். ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் பேனையை வைத்துவிட்டு வகுப்பையே விசாரிப்பார். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நாலாம் நாள் அவரே போய்விடுவார்.

1995இல் எங்கள் தோட்டத்துக்கும் அப்படித்தான் வந்தார். (தேயிலைத் தோட்டமல்ல, கொழும்பில் ஒரே முற்றத்தைச் சுற்றி நெருக்கியடித்த வரிசை வீடுகளையும் தோட்டம் என்போம்.) அப்பா புறக்கோட்டையில் நாட்டாமை, அதாவது மூட்டை தூக்குபவர். சீருடைத் துணி அரசாங்கம் தந்தது, சப்பாத்து நாங்கள்தான் வாங்க வேண்டும். என் சப்பாத்து பிய்ந்துவிட்டது, அதனால் நான் போகவில்லை. டீச்சர் அம்மாவிடம் பிளேன்டி வாங்கிக் குடித்தார், என் காலைப் பார்த்தார். "நாளைக்குச் செருப்போட வா மகன்" என்றார்.

மறுநாள் வாசலில் நிறுத்தி, கைப்பையிலிருந்து துணி எடுத்து என் பெருவிரலில் கட்டுப் போட்டார். அதிபரிடம் காலில் புண் என்று சொல்லியாயிற்று. அப்பா சப்பாத்து வாங்கும்வரை மூன்று கிழமை தினமும் அந்தக் கட்டு. வளர்ந்த பிறகு, அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "ஃபாதருக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

நாங்கள் சைவம். ஆனால் அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவார், கொழும்பில் இது சாதாரணம். அங்கே டீச்சரைச் சந்திப்பார், அப்படியே தொடர்பு விடாமல் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு, தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் என்று ஓடித் திரிந்தார். அதற்கும் ஓர் இடாப்பு வைத்திருந்தார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு முறைதான் சொன்னார். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பாடசாலை திறந்தபோது அவருடைய வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. சில குடும்பங்கள் அகதி முகாமிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போய்விட்டன. மற்றவர்களைப் பற்றி யாரிடம் கேட்பதென்றே தெரியவில்லையாம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை எட்டே முக்கால் போல அந்தோனியார் கோயிலில் குண்டு. நான் அப்போது மட்டக்குளியில் இருந்தேன். டீச்சர் எங்கே பூசைக்குப் போனாரோ என்று ஓடினேன். வீட்டில்தான் இருந்தார். மடியில் மறைக்கல்வி இடாப்பு, காதில் வீட்டு போன். வட்ஸ்அப், பேஸ்புக் எல்லாம் முடக்கியிருந்தார்கள், அதனால் ஒவ்வொரு வீடாக நம்பர் சுழற்றினார். சில குடும்பங்கள் பெரிய திருநாளுக்கு அந்தோனியாரிடம்தான் போகும். பதில் கிடைத்த பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். அழவில்லை, செபமாலையைக்கூட எடுக்கவில்லை.

பின்னேரம் ஊரடங்கு தொடங்குமுன் நான் கிளம்ப வேண்டியிருந்தது. இரண்டு பெயர்களுக்கு மட்டும் புள்ளி இல்லை, அக்காவும் தம்பியும். "நீ போ மகன், நான் கூப்பிடுறன்" என்றார்.

இரவு பத்து மணிக்கு என் போன் அடித்தது. "ரெண்டு பேரும் சிலாபத்தில பெரியம்மா வீட்டில" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.