ஆம்ப்ளிஃபயரில் பாஸ் இல்லையா? இன்புட் கெப்பாசிட்டரைப் பாருங்கள்

கேள்வி: மாரியம்மன் நோம்பிக்குப் போடலாம்னு டிடிஏ7294 ஆம்ப்ளிஃபயர் ஐசி கிட் போர்டு ரெண்டு வாங்கி ஸ்டீரியோவா மாட்டினேனுங்க. சத்தம் இருக்குது, பாஸ் இல்லை. இன்புட்டில் '104'னு போட்ட பழுப்பு வில்லை இருக்குதுங்க. கடையில் 10 மைக்ரோ 'ஆடியோ கிரேடு' எலக்ட்ரோலைட்டிக் போடச் சொல்றாங்க, ஜோடி 600 ரூபாயாம். வாங்கலாமுங்களா?
- வாசகர், பெருந்துறை

பதில்: வாங்காதீங்க. முதலில் ஏதாவது ஒரு ஸ்பீக்கரின் ஒயர் இரண்டையும் இடம் மாற்றிக் கேளுங்கள். ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருந்தாலே பாஸ் காணாமல் போய்விடும். அதில் சரியாகவில்லை என்றால்தான் கெப்பாசிட்டர்.

இன்புட்டில் கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்றிருந்தால் 22 கிலோ ஓம். அந்தப் பழுப்பு வில்லைதான் இன்புட் கெப்பாசிட்டர், செராமிக் வகை; 104 என்றால் 0.1 மைக்ரோஃபாரட். இரண்டையும் பெருக்கி (2.2), 159-ஐ அதால் வகுங்கள்: 72 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் பவர் பாதியாகிவிடும்; அதற்குக் கீழே இன்னும் குறையும். பாஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அது கால்வாசி பவரில்தான் வரும். ஐசி தயாரிப்பாளர் தரும் சர்க்யூட் படத்தில் போட்டிருப்பது 0.47. அதற்கு 15 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கிட் போடுகிறவர்கள் சில பைசா மிச்சம் பிடிக்க 104-ஐ ஒட்டி, சர்க்யூட் படம்கூடத் தராமல் விற்கிறார்கள். கேட்க ஆளில்லை.

அதனால் 474 (0.47) அல்லது 105 (1 மைக்ரோ) பாலியெஸ்டர் பெட்டி கெப்பாசிட்டர், 63 அல்லது 100 வோல்ட், போதும். செராமிக் வில்லை வேண்டாம். சிக்னல் வோல்ட்டேஜுக்கு ஏற்ப அதன் அளவே மாறி ஒலி பிசிறும். தட்டினால் ஸ்பீக்கரில் 'டக்' என்று கேட்கும். 10 மைக்ரோ போட்டாலும் பாஸ் இதற்குமேல் அதிகமாகாது. ஃபீட்பேக்கில் (அவுட்புட்டிலிருந்து ஐசிக்குத் திரும்பும் வழியில்) உள்ள 680 ஓமும் 22 மைக்ரோவும் எப்படியும் 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வெட்டிவிடும். ஆன் செய்யும்போது 'டம்' அடிப்பதுதான் மிச்சம்.

'ஆடியோ கிரேடு' என்று தங்க நிற உறை போட்டதெல்லாம் உள்ளேயும் அதுவே என்று நம்பாதீங்க. பழைய போர்டில் கழற்றியதற்குப் புது உறை மாட்டி விற்பவர்கள் உண்டு. கால் குட்டையாக, ஈயம் ஒட்டியிருந்தால் அது கழற்றிய சரக்கு. பில்லில் பார்ட் நம்பர் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் கோவையிலோ ஈரோட்டிலோ வேறு கடை பாருங்கள். மல்ட்டிமீட்டரில் 0.42 முதல் 0.52-க்குள் காட்டும் 474-ஐ வாங்குங்கள்.

எலக்ட்ரோலைட்டிக் சரிப்படும் இடம் ஒன்று: டிடிஏ2030 என்ற இன்னொரு ஆம்ப்ளிஃபயர் ஐசியை 24 வோல்ட் சிங்கிள் சப்ளையில் ஓட்டுவது. அங்கே ஐசியின் இன்புட் காலே சப்ளையில் பாதி, 12 வோல்ட்டில் நிற்கும். எனவே பிளஸ் கால் ஐசி பக்கம், மைனஸ் வால்யூம் பக்கம். மாற்றிப் போட்டால் கசிவு வந்து, வால்யூமைத் திருப்பும்போதெல்லாம் 'கரகர' என்னும். உங்கள் போர்டு பிளஸ், மைனஸ் இரட்டை சப்ளை. இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை. பாலியெஸ்டர் (ஃபிலிம்) போட்டால் திசையே பார்க்க வேண்டாம்.

மாற்றும் முன் மெயினைப் பிடுங்கி, சப்ளையில் உள்ள பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் சார்ஜை 470 ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் இறக்குங்கள்; ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யாதீங்க. மாற்றியபின் ஸ்பீக்கரைக் கோர்க்காமல், இன்புட்டை கிரவுண்டில் கட்டி, அவுட்புட்டில் டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம்.