முன் பிரேக்கைத் தொடாதே என்கிறார் அப்பா

குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தினமும் தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வருகிறவர். நான்கு வருடம் 110 சிசி ஸ்கூட்டர் ஓட்டிவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் 150 சிசி பைக்குக்கு மாறியிருக்கிறார். போன வாரம் மழையில், வில்லுக்குறி பக்கம், முன்னால் போன மினிபஸ் கை காட்டிய ஆளுக்காகச் சட்டென்று நின்றிருக்கிறது. இவர் பின் பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறார். பின் சக்கரம் இடமும் வலமுமாக நெளிந்து, வண்டி சாய்ந்து, முழங்கையில் சிராய்ப்போடு தப்பியிருக்கிறார்.

"மக்கா, முன் பிரேக்க மட்டும் தொடாத, தூக்கி எறிஞ்சிரும்னு அப்பா சொல்லுவாரு. அதனாலதான் தொடல. ஷோரூம்ல கேட்டா, முன்னாடி ஏபிஎஸ் இருக்கு, தைரியமா பிடிங்கன்னு சொல்றாங்க. யார் சொல்றது சரி? பின்னால டாரஸ் லாரி ஹாரன் அடிச்சிக்கிட்டே வந்தா என்ன செய்யணும்? அடுத்த மாசத்துல இருந்து மனைவியையும் தினமும் தக்கலையில இறக்கி விடணும், அதுக்கும் ஏதாவது சொல்லுங்க" என்று கேட்கிறார்.

தம்பி, அந்த நான்கு வருடமும் நீங்கள் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். 2019 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளில் 125 சிசிக்கு மேல் என்றால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் இறுகி லாக் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) கட்டாயம்; 125 வரை என்றால் குறைந்தபட்சம் சிபிஎஸ் இருக்க வேண்டும். இந்த சிபிஎஸ் உள்ள ஸ்கூட்டரில் இடது கை லிவரைப் பிடித்தால் பின் பிரேக்கோடு முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். பின் பிரேக் மட்டும் போதும் என்று நீங்கள் நம்பியிருந்ததற்குக் காரணம் அந்த இணைப்பு செய்த வேலை. புது பைக்கில் அது இல்லை. பெடலை மிதித்தால் பின் சக்கரம் மட்டும்தான் பிடிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. 150 சிசி வண்டிகள் பலவற்றில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டுமே. ஷோரூம்காரர் "முன்னாடி" என்று சொன்னதைப் பார்த்தால் உங்களுடையதும் அப்படித்தான் தெரிகிறது. அதாவது லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருக்கும் சக்கரத்தை விட்டுவிட்டு, ஏற்பாடே இல்லாத சக்கரத்தை, அதுவும் ஈர ரோட்டில், ஓங்கி மிதித்திருக்கிறீர்கள். நெளியாமல் என்ன செய்யும்?

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் காலத்து வண்டிகளின் முன் பிரேக் டிரம். டயர் மெலிசு. பழைய புல்லட்டில் பழகியவர் என்றால் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதில் பழகிய ஆட்கள் வேறு வண்டி ஏறினால் கால் குழம்பித் தவித்ததை என் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். ரோட்டில் பாதி சரளைக்கல். சரளையில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி கீழே போடத்தான் செய்யும். இன்றைக்கும் போடும். அப்பா பார்த்தது உண்மை. அதற்காக எப்போதுமே தொடாதே என்று சொன்னதுதான் தவறு.

பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் ஷாக் அமுங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பாரம் முன் டயரை ரோட்டில் அழுத்துவதால் அதற்குப் பிடிமானம் கூடுகிறது. பின் டயர் லேசாகி, கொஞ்சம் மிதித்தாலே வழுக்குகிறது. அதனால்தான் வண்டியை நிறுத்தும் வேலையில் ஏறத்தாழ 70 சதவீதத்தை முன் பிரேக் செய்ய வேண்டியிருக்கிறது.

கணக்காகச் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடியில் வண்டி 17 மீட்டர் போய்விடும். கண் பார்த்து, மனசு பதறி, கை அசைவதற்கே அந்த ஒரு வினாடி ஆகிறது. அதற்குப் பிறகு, காய்ந்த ரோட்டில் இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் இன்னும் 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் 20 மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டு பஸ் நீளம். முன்னால் நிற்கும் மினிபஸ் அவ்வளவு இடம் தராது. இதே வண்டி 40இல் வந்தால், காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்த பிறகு 9 மீட்டர் போதும்.

சரி, எப்படிப் பிடிப்பது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி பிடிக்க வேண்டும். முதலில் லேசாக ஓர் அழுத்தம், ஷாக் அமுங்கி பாரம் முன்னால் வரும் அளவுக்கு. வந்ததும், அதே மூச்சில் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். இந்த இரண்டுக்கும் இடையே அரை வினாடிகூட இருக்காது, ஆனால் அந்த முதல் அழுத்தம் இல்லாமல் மொத்தமாகப் பிடித்தால் பாரம் வந்து சேரும் முன்பே டயர் வழுக்கிவிடும். கால் பிரேக் கூடவே லேசாக. கிளட்ச் கடைசியில், எஞ்சின் நின்றுவிடும் என்று தோன்றும்போது மட்டும். நம் ஊர் இறக்கங்களில் பெட்ரோல் மிச்சம் என்று கிளட்சைப் பிடித்துக்கொண்டே உருட்டிவருகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். கியரில் இருக்கும் எஞ்சினே பாதி பிரேக்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தார் போட்ட காலி இடம் ஒன்று பாருங்கள். மண் மைதானம் வேண்டாம். 20 வேகத்தில் தொடங்கி, முன் பிரேக்கை மட்டும் பிழிந்து நின்று பாருங்கள். பத்துத் தடவை. பிறகு 30, பிறகு 40. ஏபிஎஸ் வேலை செய்யும்போது லிவர் விரலுக்கடியில் படபடவென்று துடிக்கும். பயந்து விட்டுவிடாதீர்கள், அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் துடிப்பை முதல் தடவையாக ரோட்டில் லாரிக்குப் பின்னால் உணர்வதைவிட அங்கே உணர்ந்துவிடுவது நல்லது.

இனி மழை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாமழை (வடகிழக்குப் பருவமழை) என்று நமக்கு இரண்டு மழைக்காலம். நெல்லைக்காரருக்கு இருப்பதைவிட ஈர ரோடு நமக்கு அதிகம், ஆனால் அதற்கேற்ற நிதானம் அதிகம் என்று சொல்ல முடியவில்லை. மழை தொடங்கும் முதல் அரை மணி நேரம்தான் மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து பசை மாதிரி கிடக்கும். கொட்டித் தீர்த்த பிறகு ரோடு கழுவிவிட்ட மாதிரி கொஞ்சம் தேறிவிடும். எனவே தூறல் விழுந்ததும் முறுக்கி ஓடி வீடு சேரப் பார்க்காமல், ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மழை இல்லாமலும் நம் மாவட்டத்து ரோடு வழுக்கும். உங்கள் பக்கம் மார்கழி, தையில் ரப்பர் இலை உதிர்ந்து, காலைப் பனியில் நனைந்து, வளைவு முழுக்கக் கிடக்கும். நாஞ்சில்நாட்டு வயல்ரோடுகளில் கன்னிப்பூ, கும்பப்பூ நெல் அறுவடை நேரத்தில் வைக்கோல். திருப்பங்களில் டிப்பர் சிந்திய எம்சாண்ட். குளச்சல், முட்டம் பக்கமிருந்து வரும் ரோடுகளில் மீன் வண்டி ஒழுகவிட்ட தண்ணீர். அதில்தான் நான் 22 வயதில் திங்கள்சந்தை பக்கம் விழுந்தேன், சட்டையில் அந்த வாடை ஒரு வாரம் போகவில்லை. மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்களில் குறுக்கே வரும் இரும்பு இணைப்புகளும், ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ட்டும் ஈரத்தில் சோப்புதான். இவை எல்லாவற்றுக்கும் விதி ஒன்றே. அதன்மேல் போகும்போது பிரேக் வேண்டாம், சாய்க்க வேண்டாம், முறுக்க வேண்டாம். வேகத்தை முன்னாலேயே குறைத்துவிட்டு, நேராக உருண்டு கடந்துவிடுங்கள்.

வளைவும் அதே கதைதான். டயரின் பிடிமானம் ஒரு வாளித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவது ஒரு தென்னை, பிரேக் இன்னொரு தென்னை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஊற்றினால் இரண்டுக்கும் போதாது. அதனால் பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வலப்பக்க வளைவில் இன்னொரு ஆபத்து உண்டு, பலர் யோசிப்பதில்லை: டயர் நடுக்கோட்டுக்கு உள்ளேதான் இருக்கும், ஆனால் வண்டி சாய்ந்திருப்பதால் தலை கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே பஸ் வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இடப்பக்க வளைவில் எதிரே வருபவர் குறுக்கே வெட்டி உங்கள் பக்கம் வந்துவிடுவார். எந்த வளைவானாலும் இடது ஓரத்தை ஒட்டி, ஆனால் தாருக்கு வெளியே இறங்காத அளவில் போங்கள்.

டாரஸ் லாரி. ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிக் களியக்காவிளை நோக்கிப் போகிற அந்த வண்டியால் நினைத்தவுடன் நிற்க முடியாது. ஓட்டுநர் ஹாரன் அடித்தால் உங்கள் கை தானாக முறுக்கும். அவசரம் அவருக்குத்தானே, நீங்கள் ஏன் வேகம் கூட்ட வேண்டும்? வேகத்தை மாற்றாமல், அகலமான இடம் வந்ததும் இடது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி வழி விடுங்கள். ஒதுங்கும் இடம் மண்ணா தாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவருக்குப் பின்னால் போகும்போது, அவர் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது. சந்திப்பில் நிற்கும் லாரியின் இடப்பக்க இடுக்கில் நுழைவது மட்டும் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் திரும்பினாலும் பின் சக்கரம் உள்ளே வெட்டி வரும். ஆரல்வாய்மொழி பக்கம் காற்றுக்காலத்தில் போக நேர்ந்தால், லாரியைத் தாண்டி வெளியே வரும் அந்த நொடியில், அதுவரை லாரி தடுத்திருந்த காற்று மொத்தமாக உங்கள்மேல் விழும். ஹேண்டிலை இறுக்காமல், முழங்காலால் டேங்கை இறுக்குங்கள்.

முன் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளியை வினாடியில் அளப்பது எளிது. அது ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும், நீங்கள் அதே கம்பத்துக்கு வரும்வரை "நாகர்கோவில் ஒன்று, நாகர்கோவில் இரண்டு" என்று எண்ணுங்கள். காய்ந்த ரோட்டில் இரண்டு, மழையில் நான்கு. அந்த இடைவெளியில் இன்னொருவர் வந்து நுழைவார், எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். மறுபடியும் பின்வாங்கி எண்ண வேண்டியதுதான். மினிபஸ்ஸுக்குப் பின்னால் என்றால் எப்போதும் நான்கே வைத்துக்கொள்ளலாம். அது எங்கே நிற்கும் என்று அதன் ஓட்டுநருக்கே முன்கூட்டித் தெரியாது.

மனைவி ஏறும் நாளிலிருந்து வண்டியே வேறு வண்டி. செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயர் காற்று அளவு, தனியாகப் போக ஒன்று, இருவராகப் போக ஒன்று என்று போட்டிருக்கும்; காலையில் டயர் சூடாகும் முன் பார்த்து நிரப்புங்கள். பின்னால் பாரம் இருப்பதால் பின் பிரேக்குக்கு இப்போது கொஞ்சம் கூடுதல் பிடிமானம் கிடைக்கும், கால் பிரேக்கை முன்பைவிடத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஹெல்மெட் இருவருக்கும், ஐஎஸ்ஐ முத்திரையோடு, வார் மாட்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு பின்னால் இருப்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சேலையோ துப்பட்டாவோ பறக்காமல் செருகிக்கொள்ளட்டும். ஒருபக்கமாக உட்காராமல் இருபுறமும் கால் போட்டு உட்காரச் சம்மதித்தால் ரொம்ப நல்லது. வளைவில் பயந்து எதிர்ப்பக்கம் சாயாமல், உங்கள் தோளுக்குப் பின்னால் அப்படியே இருக்கச் சொல்லுங்கள்.

தனியாகப் பழகி முடித்ததும் ஒருநாள் அவரையும் அந்தக் காலி இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாக 40இல் நின்ற இடத்தில் ஒரு கல் வையுங்கள். அவரை உட்காரவைத்து, அதே இடத்தில் பிரேக் பிடித்து, எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்கள் என்று இருவருமாக இறங்கி அளந்து பாருங்கள்.